ஒரு போலிக் கடிதம், ஒரு டொமைன், பத்து வருட வழக்கு

இன்னைக்கு ஒரு திருட்டு வழக்கின் கதை. திருடு போன பொருளை யாரும் கையில் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பூட்டு உடைக்கப்படவில்லை. அமெரிக்காவில் ஒரு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போனது, அங்கே ஒருவர் ஒரு பதிவேட்டில் பெயரை மாற்றினார். அவ்வளவுதான். அதைத் திருட்டு என்று சொல்லலாமா கூடாதா என்று நீதிமன்றம் முடிவு செய்வதற்கே 2003 வரை ஆனது.

பொருளின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செக்ஸ் டாட் காம். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் ஹெட்போன் போட்டுக்கோங்க, ஆனால் பயப்படும்படி எதுவும் வராது. நமக்கு அந்தத் தளத்தில் என்ன இருந்தது என்பது முக்கியமே இல்லை. அந்தப் பெயர் யாருடையது, அதை யார் முடிவு செய்தார்கள், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதுதான் கதை. நம்மில் பலருக்கு இன்று கடைக்கோ, பள்ளிக்கோ, அறக்கட்டளைக்கோ சொந்தமாக ஒரு டொமைன் இருக்கிறது. அந்த டொமைனுக்கு இருக்கிற சட்டப் பாதுகாப்பில் ஒரு பகுதி இந்த வழக்கிலிருந்து வந்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். டாட் காம் பெயர்களில் முதலாவது 1985 மார்ச் 15 அன்று பதிவானது: சிம்பாலிக்ஸ் டாட் காம், ஒரு கணினித் தயாரிப்பு நிறுவனத்துடையது. அடுத்த சில வருஷங்களுக்கு இந்தப் பதிவை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இணையம் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த காலம். யாராவது ஒரு பெயர் வேண்டும் என்று கேட்டால், ஒரு படிவத்தை நிரப்பி மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். பணம் கிடையாது. 1993 முதல் இந்த வேலையை அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையோடு போட்ட ஒப்பந்தத்தின்படி நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே தனியார் நிறுவனம் செய்துவந்தது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், உலகத்து டாட் காம் முழுவதற்கும் ஒரே ஒரு சார்பதிவாளர் அலுவலகம். அங்கே கட்டணமும் இல்லை, பத்திரமும் இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை.

இந்த நேரத்தில்தான் கேரி க்ரெமன் வருகிறார். ஸ்டான்ஃபோர்டில் எம்பிஏ படித்த பொறியாளர். செய்தித்தாளில் வருகிற வரி விளம்பரங்கள் எல்லாம் ஒருநாள் இணையத்துக்கு வந்துவிடும் என்று 1994-லேயே கணக்குப் போட்டவர். வரி விளம்பரம்னா என்னென்ன? வேலை, வீடு, கார், வரன். அதற்கேற்ற பெயர்களாகப் பார்த்துப் பதிவு செய்துகொண்டே போனார். ஜாப்ஸ் டாட் காம், ஆட்டோஸ் டாட் காம், மேட்ச் டாட் காம். மேட்ச் டாட் காமைத்தான் பிறகு பெரிய நிறுவனமாக வளர்த்தார், இன்றைய டேட்டிங் தளங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் அது. அதே வரிசையில் 1994 மே மாதம் செக்ஸ் டாட் காமையும் பதிந்தார். பதிவில் நிறுவனப் பெயர் ஆன்லைன் கிளாஸிஃபைட்ஸ். தொடர்புக்கு அவர் பெயர்தான் இருந்தது. அதை வைத்து உடனே ஒன்றும் செய்யவில்லை. சும்மா கிடந்தது.

சும்மா கிடக்கிற மனை மேல்தான் எப்போதும் ஒருத்தர் கண் விழும், இல்லையா? இங்கே அந்தக் கண் ஸ்டீபன் கோஹன் என்பவருடையது. திவால் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் மாதிரி ஆள்மாறாட்டம் செய்த குற்றத்துக்காகச் சிறைக்குப் போய், அப்போதுதான் வெளியே வந்திருந்தார்.

1995 அக்டோபரில் கோஹன் நெட்வொர்க் சொல்யூஷன்ஸுக்கு ஒரு கடிதத்தைக் காட்டினார். ஆன்லைன் கிளாஸிஃபைட்ஸ் நிறுவனமே தனக்கு எழுதியது என்றார். அதில் சாராம்சமாக இருந்தது இதுதான்: க்ரெமனை நாங்கள் வேலையிலிருந்து நீக்கிவிட்டோம், பதிவில் அவர் பெயரை மாற்றத்தான் நேரம் கிடைக்கவில்லை, எங்கள் இயக்குநர் குழு இந்தப் பெயரைக் கைவிட முடிவு செய்துவிட்டது, நீங்கள் எடுத்துக்கொள்வதில் ஆட்சேபம் இல்லை.

சரி, அதை ஏன் அந்த நிறுவனமே நேரடியாகப் பதிவகத்துக்கு எழுதவில்லை? கடிதத்திலேயே அதற்கும் பதில் இருந்தது. எங்களுக்கு நேரடி இணைய இணைப்பு இல்லை, ஆகவே எங்கள் சார்பில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரு நிமிஷம் நில்லுங்க. நிறுவனத்தின் பெயர் ஆன்லைன் கிளாஸிஃபைட்ஸ். அதற்கு இணைய இணைப்பு இல்லையாம். எட்டு வருஷம் கழித்து மேல்முறையீட்டு நீதிபதிகள் இதைப் படித்துவிட்டுத் தீர்ப்பிலேயே கிண்டலாகக் குறிப்பிட்டார்கள். ஆனால் அன்றைக்கு நெட்வொர்க் சொல்யூஷன்ஸில் யாரும் சிரிக்கவில்லை. பதிவேட்டில் க்ரெமனின் தொடர்பு விவரம் இருந்தது. ஒரு போன் போட்டிருக்கலாம், ஒரு மின்னஞ்சல் தட்டியிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. கடிதத்தை அப்படியே நம்பி, பெயரை கோஹனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சில காலம் கழித்து க்ரெமன் கேட்டபோது, மாற்றியதை இனித் திருப்ப முடியாது, தாமதமாகிவிட்டது என்று பதில் வந்தது.

இதில் எனக்கு கோஹனைவிட அந்தப் பதில்தான் உறுத்துகிறது. மோசடிக்காரர் மோசடி செய்வார், அது அவர் தொழில். பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவர் போலிக் கடிதத்துக்கு ஓரிரு நாளில் மதிப்புக் கொடுத்துவிட்டு, உண்மையான உரிமையாளரிடம் கோர்ட்டுக்குப் போ என்பது வேறு வகை. போலிப் பத்திரம் பதிவாகி, பிறகு அதை ரத்து செய்ய வருஷக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! அவர்களுக்கு இந்த இடத்தில் விளக்கமே தேவைப்படாது.

கோஹன் அந்தப் பெயரை வைத்துப் பெரும் பணம் பார்த்தார். அந்தக் காலத்தில் கூகுள் கிடையாது. மக்கள் வேண்டிய சொல்லோடு டாட் காம் சேர்த்து நேராகத் தட்டிப் பார்ப்பார்கள். அப்படித் தட்டுபவர்களின் கூட்டமே காசு. தளத்தில் விளம்பரப் பட்டைகளை நிரப்பி வைத்தார்.

க்ரெமன் வழக்குப் போட்டார். கோஹனுக்கும் ஒரு வாதம் இருந்தது: 1979 முதலே, ஒரு கணினித் தகவல் பலகையில், இந்தப் பெயரை நான் பயன்படுத்தி வருகிறேன், வணிகச்சின்னம் என்னுடையது என்றார். நீதிமன்றம் நம்பவில்லை. 2000 நவம்பரில் கலிபோர்னியாவின் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி ஜேம்ஸ் வேர், கடிதம் போலி என்று கண்டு, டொமைனை க்ரெமனிடம் திருப்பித் தர உத்தரவிட்டார். அடுத்த ஏப்ரலில் நஷ்டஈடு: சம்பாதித்த லாபத்துக்காக 4 கோடி டாலர், தண்டனையாக 2.5 கோடி டாலர். மொத்தம் 6.5 கோடி டாலர்.

தீர்ப்பு காகிதத்தில் இருந்தது, பணம் எங்கே? கோஹன் பெருந்தொகைகளை வெளிநாட்டுக் கணக்குகளுக்கு அனுப்பிவிட்டு மெக்சிகோவுக்குப் போய்விட்டார். கைது வாரண்ட் பிறந்தது. இதற்கு அப்புறம் கதை சினிமா மாதிரி ஆகிவிடுகிறது. திரும்பக் கிடைத்த செக்ஸ் டாட் காம் தளத்திலேயே க்ரெமன், கோஹனின் போலீஸ் போட்டோவைப் போட்டு, பிடித்துக் கொடுப்பவருக்கு 50,000 டாலர் சன்மானம் என்று அறிவித்தார். உடனே கோஹனின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். எங்கள் கட்சிக்காரர் மெக்சிகோவில் வீட்டுக்காவலில் இருக்கிறார், சன்மானத்துக்கு ஆசைப்பட்டு வரும் ஆட்களுக்கும் மெக்சிகோ அதிகாரிகளுக்கும் இடையே துப்பாக்கிச் சண்டை நடக்கிறது, மனித உயிருக்கே ஆபத்து, ஆகவே வாரண்டை ரத்து செய்யுங்கள் என்றார்கள். நம்பும்படி இல்லை என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். இதையெல்லாம் நான் கட்டிச் சொல்லவில்லை, மேல்முறையீட்டுத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

கோஹனிடமிருந்து பணம் வராது என்று தெரிந்ததும் க்ரெமனுக்கு மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். பெயரைத் தூக்கிக் கொடுத்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸிடம் கேட்பது. நம் கதையின் முக்கியமான பகுதி இதுதான், மெக்சிகோ துப்பாக்கிச் சண்டை இல்லை.

மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. ஒப்பந்த மீறல் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் க்ரெமன் ஒரு காசுகூடக் கட்டவில்லை. இலவசமாகக் கொடுத்ததில் ஒப்பந்தம் ஏது? சொத்தை அபகரிக்க உதவியதாகவும் சொல்ல முடியாது, ஏனென்றால் டொமைன் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளே இல்லை. 1995 செப்டம்பரில்தான் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் பதிவுக்குக் கட்டணம் வாங்கத் தொடங்கியது, இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் என்று. க்ரெமன் பதிந்தது அதற்கு முன்னால். சீக்கிரமாக வந்ததே அவருக்கு எதிராகத் திரும்பியது.

மேல்முறையீடு ஒன்பதாவது வட்ட நீதிமன்றத்துக்குப் போனது. 2003 ஜூலை 25 அன்று நீதிபதி அலெக்ஸ் கோஸின்ஸ்கி எழுதிய தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் இல்லை என்பதை அவரும் ஏற்றார். ஆனால் சொத்து என்ற கேள்வியில் கீழ் நீதிமன்றத்தைத் திருப்பிப் போட்டார். அவர் மூன்று சோதனைகளை வைக்கிறார். அந்த உரிமையைத் துல்லியமாக வரையறுக்க முடியுமா? முடியும், இந்தப் பெயரைத் தட்டினால் எங்கே போக வேண்டும் என்பதை உரிமையாளரே தீர்மானிக்கிறார். ஒருவர் மட்டுமே வைத்திருக்க முடியுமா? முடியும். மற்றவர்களை விலக்கும் நியாயமான உரிமை இருக்கிறதா? இருக்கிறது, அதற்காகத்தான் பதிவே. டொமைன் பதிவு செய்வது நில ஆவண அலுவலகத்தில் ஒரு மனைக்கு உரிமை கோருவது மாதிரி என்று எழுதுகிறார். நான் ஆரம்பத்திலேயே சார்பதிவாளர் அலுவலகம் என்றேனே, அந்த ஒப்புமை என்னுடையது மட்டும் இல்லை, தீர்ப்பிலேயே அதன் சாயல் இருக்கிறது.

தொட்டுப் பார்க்க முடியாது என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதில் இன்னும் சுவாரஸ்யம். கம்பெனிப் பங்கை யாராவது தொட்டிருக்கிறீர்களா? ஆனாலும் போலிக் கையெழுத்தை நம்பி ஒரு கம்பெனி உங்கள் பங்கை வேறு ஒருத்தருக்கு மாற்றிவிட்டால் அது பொறுப்பேற்க வேண்டும். போலிக் கடிதத்தை நம்பி டொமைனைக் கொடுத்தவருக்கும் அதே கதிதான். நிறுவனத்தின் மேல் குற்றம் இருக்கிறதா என்பதுகூட இங்கே இரண்டாம் பட்சம். அடுத்தவர் சொத்தை நீ கொடுத்தாய், அதனால் நீதான் பொறுப்பு.

இந்தத் தீர்ப்பு நியாயமானதா என்று இன்றும் சட்ட வட்டாரத்தில் விவாதம் உண்டு. இலவச சேவை செய்தவன் தலையில் இவ்வளவு பெரிய பொறுப்பா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து: பதிவேடு உன் கையில் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதைத் திருத்தும் முன் ஒரு போன் செய்யும் பொறுப்பும் உன்னுடையதுதான். கட்டணம் வாங்கினாயா இல்லையா என்பது அதற்கு அப்புறம்.

2004-இல் அந்த நிறுவனம் க்ரெமனோடு சமரசம் செய்துகொண்டது. கோஹன் 2005 அக்டோபரில் மெக்சிகோவின் திஹுவானாவில் பிடிபட்டு அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார், அடுத்த வருஷக் கடைசியில் விடுதலையானார். 6.5 கோடியில் பெரும்பகுதி வரவே இல்லை. சான் டியாகோ பக்கத்தில் கோஹனுக்கு இருந்த மாளிகை மட்டும் க்ரெமன் கைக்கு வந்தது. 2006-இல் அவர் டொமைனை விற்றார், ஒரு கோடி டாலருக்கு மேல். வாங்கிய நிறுவனம் பிறகு திவாலாகி, 2010-இல் அது 1.3 கோடி டாலருக்கு மறுபடி கைமாறியது.

இனி மற்ற சில சம்பவங்களை வேகமாகப் பார்த்துவிடலாம், ஏன்னா கடிதம் போய் மின்னஞ்சல் வந்த பிறகும் ஓட்டை அடைபடவில்லை. 1998 அக்டோபரில் ஏஓஎல் நிறுவனத்தின் டொமைனையே யாரோ மாற்றிவிட்டார்கள். அப்போது பதிவேட்டைத் திருத்த மூன்று பாதுகாப்பு நிலைகள் இருந்தன. மின்னஞ்சல் யாரிடமிருந்து வருகிறது என்று மட்டும் பார்ப்பது, கடவுச்சொல் கேட்பது, குறியாக்கக் கையொப்பம் கேட்பது. அவ்வளவு பெரிய நிறுவனம் முதலாவதைத்தான் வைத்திருந்தது. அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போடுவது அன்று சின்னப்பிள்ளை விளையாட்டு. ஏஓஎல்லுக்குப் போக வேண்டிய மின்னஞ்சல்கள் சம்பந்தமே இல்லாத இன்னொரு சிறிய நிறுவனத்தின் சர்வரில் போய்க் குவிந்தன.

அடுத்து பேனிக்ஸ். நியூயார்க்கின் மிகப் பழைய இணையச் சேவை நிறுவனங்களில் ஒன்று. 2005 ஜனவரியில் ஒரு வார இறுதியில் அவர்களுடைய டொமைன் காணாமல் போனது. உரிமை ஆஸ்திரேலியாவில் ஒரு பதிவாளரிடம், டிஎன்எஸ் பிரிட்டனில், மின்னஞ்சல் கனடாவில். வாடிக்கையாளர்களின் கடிதமெல்லாம் யாருக்கோ போய்க்கொண்டிருக்கிறது, ஆஸ்திரேலியாவில் அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும்! அதுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தப் பதிவாளரின் மறுவிற்பனையாளர் ஒருவர் உரிமையாளரின் ஒப்புதலைச் சரிபார்க்காமல் விட்டதுதான் காரணம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஐகேன் அமைப்பின் புதிய விதி வந்திருந்தது: பழைய பதிவாளர் ஐந்து நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால், மாற்றத்துக்குச் சம்மதம் என்று பொருள். டொமைனை ஒரு பதிவாளரிடமிருந்து இன்னொருவரிடம் எளிதாக மாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதி. அதற்கு எதிரான தற்காப்பு, பூட்டு. டொமைன் கணக்கில் பரிமாற்றப் பூட்டு என்று ஒரு பொத்தான் பார்த்திருப்பீங்க, அது ஏன் இருக்கிறது என்று யாராவது கேட்டால் பேனிக்ஸ் கதையைச் சொல்லுங்க.

திருட்டு ஒரு பக்கம், மறதி இன்னொரு பக்கம். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயிலில் நுழைய முடியவில்லை. உள்நுழைவுக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காம் டொமைனுக்குப் பணம் கட்ட மைக்ரோசாஃப்ட் மறந்துவிட்டது. பாக்கி 35 டாலர். ஒரு லினக்ஸ் நிரலாளர் தன் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டார், சேவை திரும்பியது. பிற்பாடு நிறுவனம் அவருக்கு 500 டாலர் காசோலை அனுப்பியது. 2015-இல் கூகுள் டாட் காமையே ஒருவர் 12 டாலருக்கு வாங்கினார், ஒரு நிமிஷம் மட்டும். கூகுளில் முன்பு வேலை பார்த்தவர், குஜராத்காரர். சன்மானமாக 6,006.13 டாலர் கொடுத்தார்கள். அந்த எண்ணைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கூகுள் என்று தெரியுமாம். அதை அவர் இந்தியாவில் ஒரு கல்விப் பணிக்குக் கொடுக்கச் சொன்னதும் இரட்டிப்பாக்கினார்கள்.

நமக்குப் பக்கத்தில், 2021 பிப்ரவரி 6 அன்று இலங்கையில் கூகுள் டாட் எல்கே உட்பட சில பெயர்கள் திசைதிருப்பப்பட்டன. வந்தவர்கள் அந்நாட்டின் சமூகப் பிரச்சினைகளைப் பேசும் ஒரு பக்கத்தைப் பார்த்தார்கள்.

இப்போ உங்கள் டொமைனுக்கு வருவோம். நம் ஊரில் அதிகம் நடப்பது கோஹன் வகை மோசடி இல்லை. வெப்சைட் செய்து கொடுக்கிற தம்பி, தன் கணக்கில், தன் மின்னஞ்சலில், தன் பெயரில் பதிந்துவிடுவார். கெட்ட எண்ணம் இருக்காது, அப்போதைக்கு அது சுலபம். ஐந்து வருஷம் கழித்து அவர் துபாய் போயிருப்பார், போன் நம்பர் மாறியிருக்கும், நினைவூட்டல் மின்னஞ்சல்கள் எல்லாம் அவருடைய பழைய இன்பாக்ஸில் கிடக்கும். பணம் நீங்கள் கொடுத்திருக்கலாம், பதிவில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் கணக்கு. மனைக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பத்திரத்தை புரோக்கர் பெயரில் எழுதிக்கொள்ளச் சொல்வீர்களா? உள்ளே போய் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ நிறுவனப் பெயரோ இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்னொரு சிக்கல், பலர் பதிவேட்டில் கொடுக்கும் மின்னஞ்சலே அதே டொமைனில் இருக்கும். டொமைன் போனால் மின்னஞ்சலும் போகும், மீட்கும் குறியீடு யாருக்கு வரும்? வெளியே ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் கணக்குக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். பூட்டைப் போட்டே வையுங்கள். வேறு பதிவாளருக்கு மாறும்போது கேட்கப்படும் ரகசியக் குறியீட்டை, அதாவது ஆத் கோடை, போனில் கேட்கும் யாருக்கும் சொல்லாதீர்கள். புதுப்பிக்க மறந்துவிட்டால் டாட் காமில் உடனே கை நழுவாது. பதிவாளரைப் பொறுத்துச் சில நாள் முதல் 45 நாள் வரை சலுகைக் காலம், பிறகு கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள், அப்புறம் 5 நாளில் பெயர் பொதுவில் விழும். விழும் நொடிக்காகவே மென்பொருளோடு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கு இதற்கு மேலும் ஒன்று உண்டு, பதிவகப் பூட்டு. 2013 ஆகஸ்டில் சிரியன் எலக்ட்ரானிக் ஆர்மி என்ற குழு, ஒரு மறுவிற்பனையாளரின் கணக்கு வழியாக நுழைந்து நியூயார்க் டைம்ஸின் டொமைனைத் திருப்பிவிட்டது. ட்விட்டரும் அதே பதிவாளரிடம்தான் இருந்தது. ட்விட்டரின் படங்கள் வரும் தனி டொமைன் அடிபட்டது, முக்கிய டொமைன் தப்பியது, ஏனென்றால் அதற்குப் பதிவகப் பூட்டு இருந்தது. அந்தப் பூட்டு இருந்தால், பதிவாளரின் கணினியில் யார் என்ன தட்டினாலும் பதிவகம் தானாக மாற்றாது. ஏற்கெனவே பதிந்துவைத்த ஆளை ஒரு மனிதர் தொடர்பு கொண்டு, நீங்கதான் கேட்டீங்களா என்று உறுதி செய்த பிறகே மாற்றும். அதாவது, 1995-இல் க்ரெமனுக்கு வராத அந்த போன் கால். இப்போது அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள்.

அடுத்த எபிசோடில் ஒரே பெயருக்கு இரண்டு நியாயமான உரிமையாளர்கள் வந்தால் என்ன ஆகும், ஐகேனின் தகராறுத் தீர்ப்பு முறை எப்படி வேலை செய்கிறது என்று பேசலாம்.